சேல்ஸ் வேலைக்குப் புதுசு, போனை எடுத்தாலே தொண்டை அடைக்கிறது: கான்ஃபிடன்ஸ் எங்கிருந்து வரும்?

புதுக்குரல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சேல்ஸ் வேலைக்குப் புதுசு. சிறு நிறுவனங்களுக்குக் கணக்குவழக்கு பார்க்கிற மென்பொருளை விற்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு லிஸ்ட் கொடுப்பார்கள், அதில் இருப்பவர்களுக்குப் போன் செய்து டெமோவுக்கு நேரம் வாங்க வேண்டும், டெமோ காட்ட வேண்டும், அப்புறம் விடாமல் ஃபாலோ-அப் செய்து ஆர்டரை முடிக்க வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். நண்பர்களிடம் நன்றாகத்தான் பேசுவேன், முன்பின் தெரியாதவர் என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நம்பரைப் போட்டுவிட்டு "எடுக்காமல் இருந்தால் தேவலை" என்று மனசுக்குள் வேண்டிக்கொள்கிறேன், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எடுத்துவிட்டால் கையில் இருக்கிற ஸ்கிரிப்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறேன், எதிரே இருப்பவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், எந்த வரியில் நின்றேன் என்றே தெரிவதில்லை. யாராவது கொஞ்சம் கடுப்பாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அடுத்த போனைப் போட அரை மணி நேரமாவது ஆகிறது. அந்த நேரத்தில் லிஸ்டைத் திருத்துகிறேன், மெயில் பார்க்கிறேன், என்னென்னமோ செய்கிறேன், போனை மட்டும் தொடுவதில்லை.

பக்கத்து சீட்டில் இருப்பவர் யாரிடமும் பத்து வருஷம் பழகினவர் மாதிரி பேசுகிறார். மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கான்ஃபிடன்ஸ் வேணும், கான்ஃபிடன்ஸ்" என்கிறார், அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்வதில்லை.

கூச்ச சுபாவம் உள்ளவர் இந்த வேலையில் நிலைக்க முடியுமா? ஆரம்ப மாதங்களில் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள். "பாசிட்டிவாக நினை" என்கிற அறிவுரை மட்டும் வேண்டாம், தேவைக்கு மேலேயே கேட்டாயிற்று.

---

பழையபை:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, எப்படியிருந்தாலும் வாங்க. விற்பனையிலேயே தலை நரைத்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். ஆட்களைக் கண்டு பயம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே இருப்பவர் ஏதாவது கேட்டு, அதற்குப் பதில் தெரியாமல் போய்விடுமோ என்கிற பயம்தான் அதில் பாதிக்கு மேல். புதிதாக வருகிற பெரும்பாலானவர்களுக்கு இதுதான் கதை. பொருளைப் பற்றிப் பயிற்சி கொடுத்திருப்பார்கள், எந்தப் பட்டனை அமுக்கினால் எந்த ரிப்போர்ட் வரும் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதை வாங்குகிறவர் காலையில் அலுவலகம் வந்ததும் என்ன செய்கிறார், மாதக் கடைசியில் எதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தெரியாமல் பேசினால் யாருக்குமே குரல் நடுங்கத்தான் செய்யும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆச்சரியமாக யாரும் செய்வதில்லை. ஏற்கெனவே உங்கள் மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களின் லிஸ்டை மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்குப் போன் போட்டு, "நான் இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், எதையும் விற்பதற்காக அழைக்கவில்லை, நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்" என்று சொல்லுங்கள். இதற்கு முன்னால் கணக்கை எப்படிப் பார்த்தார்கள், எதற்காக மாற வேண்டும் என்று தோன்றியது, வாங்கும் முன் எது தயங்க வைத்தது, இப்போதும் எது எரிச்சலாக இருக்கிறது. இந்த நாலு விஷயத்தையும் கேளுங்கள். இதில் "வேண்டாம்" என்று சொல்ல ஒன்றுமே இல்லை பாருங்கள், அதனால் போன் பேசிப் பழகவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. அவர்கள் சொல்கிற வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திருத்தாமல். பிற்பாடு புதிய ஆளிடம் பேசும்போது கம்பெனி பிரசுரத்தில் இருக்கிற வாக்கியத்தைவிட "மாதக் கடைசி வந்தால் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து பில்லைத் தேட வேண்டியிருந்தது என்று எங்கள் கஸ்டமர் ஒருவர் சொன்னார்" என்பது எடுபடும். கூடவே, சப்போர்ட் குழுவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருகிற புகார்களைக் கேளுங்கள். பொருளின் குறை தெரிந்தவனுக்குத்தான் அதைப் பற்றிப் பதறாமல் பேச வரும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்டைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. 1880-களிலேயே அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தை நடத்திய ஜான் பேட்டர்சன், விற்பனை ஆட்களுக்கு ஒரு கையேடு கொடுத்து அதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றார். ஆனால் அந்தக் காலத்து வாடிக்கையாளர் கல்லாப்பெட்டி இயந்திரம் என்ற ஒன்றையே அப்போதுதான் முதலில் பார்க்கிறார், உங்கள் வாடிக்கையாளரோ உங்களைப் போல நிறையப் பேரிடம் போனில் பேசிச் சலித்தவர். ஆகவே என் கணக்குப்படி முதல் ரெண்டு வரியும் கடைசியில் டெமோ கேட்கிற வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் ஒப்பிக்க எதுவும் வேண்டாம், கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தினோம் என்கிற பிரச்சினையே வராது.

முதல் ரெண்டு வரி இப்படி இருக்கலாம்: "வணக்கம், இன்ன நிறுவனத்திலிருந்து இன்னார் பேசுகிறேன், நாம் இதற்கு முன் பேசியதில்லை. எதற்காக அழைத்தேன் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படாது என்றால் சொல்லுங்கள், வைத்துவிடுகிறேன்." வேண்டாம் என்று சொல்வதற்கு நீங்களே கதவைத் திறந்து வைத்துவிட்டதால் எதிரே இருப்பவருக்கு விறைப்பு குறையும். உங்களுக்கும்தான். சொன்னபடி அரை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் "இது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, விசாரித்துவிட்டு இன்று மாலைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கூப்பிடுங்கள். இதில் அவமானம் எதுவும் இல்லை, ரெண்டாவது முறை பேசுவதற்கு ஒரு நல்ல காரணம் இனாமாகக் கிடைக்கிறது. மழுப்பினால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த அரை மணி நேர இடைவெளிக்கு மருந்து மிக எளிது. முந்தின நாள் மாலையே மறுநாள் கூப்பிட வேண்டிய லிஸ்டைத் தயார் செய்து, அந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்பதையும் பார்த்து வைத்துவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் போன் மட்டும். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் ஒரு வார்த்தையில் குறிப்பு, உடனே அடுத்த நம்பர். சிஆர்எம்மில், அதாவது வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கிற மென்பொருளில், விலாவாரியாக எழுதுவதெல்லாம் அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகுதான். யோசிக்க இடம் கொடுத்தால் மனசு காரணம் தேட ஆரம்பித்துவிடும்.

---

மதியவெயில்:

மேலே அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் சின்னதாக ஒன்று சேர்க்கிறேன். எழுந்து நின்று பேசுங்கள், குரல் தானாக மாறும். பதற்றத்தில் எல்லோருக்கும் பேச்சு வேகம் கூடும், அதனால் உங்களுக்கே இழுவையாகத் தோன்றுகிற அளவுக்கு மெதுவாகப் பேசினால்தான் கேட்பவருக்குச் சாதாரண வேகமாக இருக்கும். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

---

மெதுவாப்பேசு:

கூச்ச சுபாவம் உள்ளவர் நிலைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதிகம் பேசாத ரகம், இந்த வேலையில்தான் பல வருஷமாக இருக்கிறேன், அதனால் முடியும் என்று தைரியமாகச் சொல்வேன். என் ஒருத்தியின் கதை போதாது என்றால் ஆடம் கிராண்ட் என்ற உளவியல் பேராசிரியர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. போனில் விற்பனை செய்யும் 340 பேரின் சுபாவத்தையும் அவர்கள் கொண்டுவந்த வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கலகலப்பாகப் பேசுகிறவர்கள்தான் முதலிடம் என்று எல்லோரும் நினைத்திருப்போம். வந்த முடிவு வேறு. ரொம்ப ஒடுங்கியவர்களும் இல்லை, ரொம்பக் கலகலப்பானவர்களும் இல்லை, நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் ஈட்டியிருந்தார்கள். அதிகமாகப் பேசுகிறவர் கேட்பதை விட்டுவிடுகிறார், தன் உற்சாகத்தில் எதிராளியை அமுக்கிவிடுகிறார் என்பது ஒரு விளக்கம். இதைப் படித்துவிட்டு கூச்சம்தான் பெரிய வரம் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பற்றி இன்னொன்று. அவர் எப்படிச் சிரிக்கிறார் என்று பார்க்காதீர்கள், என்ன கேட்கிறார் என்று காது கொடுங்கள். முடிந்தால் அவர் கேட்கிற கேள்விகளை ஒருநாள் முழுக்க எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதே நாலைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கேள்வி கேட்பதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் கேள்வி கேட்டால் பேச வேண்டியது எதிரே இருப்பவர். ஆனால் கேள்வி என்ற பெயரில் சிலர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், "உங்கள் நேரத்தை மிச்சப்படுத்த விருப்பமா?" என்பார்கள். இதற்கு யார் இல்லை என்று சொல்வார்கள்? கேட்பவருக்கே தன்னை மடக்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்துவிடும். உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். உங்கள் பொருளுக்கு என்றால்: "இப்போது பில் போடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை யார் யார் கையில் போகிறது?" "அதில் எந்த இடத்தில் அடிக்கடி தப்பு வருகிறது?" "அப்படித் தப்பு வந்தால் கடைசியில் யார் தலையில் விழுகிறது?" இந்த மூணாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் பெரும்பாலும் விற்பனையே இருக்கிறது, அவசரப்பட்டு நடுவில் புகுந்துவிடாதீர்கள்.

கேட்ட பிறகு சும்மா இருங்கள். இது சொல்வதற்கு எளிது, பழகுவதற்குக் கஷ்டம். மௌனம் ரெண்டு விநாடி நீண்டாலே புதியவர்கள் பயந்து எதையாவது சொல்லி நிரப்பிவிடுகிறார்கள். அந்த மௌனத்தில் எதிரே இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லி முடித்ததும் "அப்படியென்றால் பில் போடுவதில் சிக்கல் இல்லை, பாக்கி வசூலைக் கண்காணிப்பதில்தான் சிக்கல், சரிதானே?" என்று அவர் சொன்னதையே சுருக்கிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்துவார், அந்தத் திருத்தம் தங்கம்.

---

நேர்வழி:

எல்லோரும் திறமை, பயிற்சி என்று பேசுகிறீர்கள், சரி. ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. சில நேரம் தொண்டை அடைப்பது நாம் சொல்வதை நாமே நம்பாததால். பொருள் சரியில்லை, அல்லது இல்லாத வசதியை இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றால் எத்தனை ரோல் ப்ளே (அழைப்பை நடித்துப் பழகுவது) செய்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். புதுக்குரல், உங்கள் வீட்டில் யாராவது தொழில் செய்தால் இந்த மென்பொருளை வாங்கச் சொல்வீர்களா? ஆமாம் என்றால் மேலே உள்ளவர்கள் சொன்னதைச் செய்யுங்கள். இல்லை என்றால் சேல்ஸை விடாதீர்கள், விற்கிற பொருளை மாற்றுங்கள். இது தெரியாமல் "நான் சேல்ஸுக்கு லாயக்கில்லை" என்று துறையை விட்டே போனவர்கள் நிறைய.

---

புதுக்குரல்:

இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தம்பிதான், பழையபை அண்ணா.

நேர்வழி கேட்டதற்கு: பொருள் நல்ல பொருள்தான், என் சித்தப்பாவுக்கு நானே சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பழைய கஸ்டமர்களுக்குப் போன் செய்ய மேனேஜரிடம் அனுமதி கேட்டேன், கொஞ்சம் ஆச்சரியப்பட்டார், பிறகு லிஸ்ட் கொடுத்தார். சிலரிடம் பேசினேன். உண்மையாகவே நன்றாகப் பேசினார்கள், ஒருவர் பேச்சை நிறுத்தவே இல்லை. தொண்டை அடைப்பது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் ரெண்டு வரி மனப்பாடமாக இருப்பதால் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறேன்.

இப்போது சிக்கல் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது. டெமோவில் எல்லா வசதியையும் ஒன்று விடாமல் காட்டுகிறேன், தலையாட்டிக்கொண்டே பார்க்கிறார்கள், முடிந்ததும் "விலை அதிகமாக இருக்கே" அல்லது "யோசித்துச் சொல்கிறேன்". இந்த ரெண்டில் ஒன்று. அங்கே எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மேனேஜர் "க்ளோஸ் பண்ணு, அங்கேயே க்ளோஸ் பண்ணு" என்கிறார், அதாவது அந்த இடத்திலேயே ஆர்டரை வாங்கி முடிக்க வேண்டுமாம். இன்றைக்கே எடுத்தால் டிஸ்கவுண்ட் என்று சொல்லச் சொல்கிறார். சொன்னேன், ஒருவர் முகம் மாறிப்போனது.

---

குழுவண்டி:

நான் ஒரு விற்பனைக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன், ஆகவே உங்கள் மேனேஜர் நிற்கிற இடத்தில் நிற்பவன். அவர் பக்கத்து நெருக்கடியும் புரிகிறது, மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்டியாக வேண்டும். இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

நீல் ராக்கம் என்பவரின் குழு 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கவனித்து ஆராய்ந்தது, 1988-இல் அந்த முடிவுகள் புத்தகமாக வந்தன. அதில் ரெண்டு விஷயம் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். ஒன்று, சின்னப் பொருளை ஒரே சந்திப்பில் விற்கும்போது வேலை செய்கிற க்ளோசிங் வித்தைகள், பெரிய பொருளில் வாய்ப்பைக் குறைத்துவிடுகின்றன. உங்கள் மென்பொருளை எடுத்தால் ஒரு நிறுவனம் தன் கணக்கையே அதற்கு மாற்ற வேண்டும், வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இது அவருக்குச் சின்ன முடிவு இல்லை. இன்றைக்கே எடு என்றால் அவர் விலகத்தான் செய்வார். ரெண்டாவது, வசதிகளை அடுக்க அடுக்க வாங்குகிறவருக்கு விலைதான் கண்ணில் படுகிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவர் ஒருநாளும் தொடப்போகாத இருபது வசதிகளைக் காட்டிவிட்டு விலையைச் சொன்னால், அந்த இருபதுக்கும் சேர்த்து நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும். "விலை அதிகம்" என்கிற ஆட்சேபணையை உங்கள் டெமோவே உண்டாக்குகிறது, தம்பி.

ஆகவே டெமோவைப் பாதியாக வெட்டுங்கள். மெதுவாப்பேசு அக்கா சொன்ன கேள்விகளை டெமோவுக்கு முன்பே, முடிந்தால் போனிலேயே கேட்டுவிடுங்கள். அவர் பாக்கி வசூல்தான் பிரச்சினை என்றால் பாக்கி வசூல் திரையை முதலில் காட்டுங்கள், அதிலேயே நில்லுங்கள். "உங்களிடம் இப்போது இப்படி நடக்கிறது என்றீர்கள், இங்கே இப்படி நடக்கும்" என்று சொல்லிவிட்டு மௌஸை அவர் கையில் கொடுங்கள். அவர் கேட்டால் மற்றதைக் காட்டலாம். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அதற்குப் பிறகும் விலை அதிகம் என்றால் உடனே டிஸ்கவுண்டுக்குப் போகாதீர்கள். "எதோடு ஒப்பிட்டு அதிகம் என்று நினைக்கிறீர்கள்?" என்று சண்டைக் குரல் இல்லாமல் கேளுங்கள். இந்த ஒரு சொல்லுக்குள் பல அர்த்தம் இருக்கும். வேறொரு நிறுவனத்தின் விலையை மனசில் வைத்திருக்கலாம், இந்த வருஷத்துக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்திருக்கலாம், ஒரே தவணையில் கொடுப்பது கஷ்டமாக இருக்கலாம், இல்லாவிட்டால் பொருளே பிடிக்காமல் நாகரிகமாக விலை மேல் பழி போடலாம். எது என்று தெரியாமல் விலையைக் குறைத்தால், தவணை கேட்டவருக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டு ஆர்டரும் வராமல் நிற்பீர்கள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றால்: "கட்டாயம் யோசியுங்கள். எதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னால் அதற்குத் தேவையான விவரத்தை அனுப்புகிறேன்." அவர் எதையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் அது மரியாதையான மறுப்பு, லிஸ்டில் கீழே இறக்கிவிடுங்கள். குறிப்பிட்டுச் சொன்னால் அடுத்து எப்போது, யாரோடு பேசுவது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். தேதி இல்லாமல் முடிகிற டெமோ என் குழுவில் கணக்கிலேயே வராது. இன்னொன்று, முடிவெடுப்பது அவர்தானா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

கான்ஃபிடன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைப் பற்றி எழுதினார். நம்மால் முடியும் என்கிற நம்பிக்கைக்கு மிக வலுவான ஆதாரம் நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், அப்புறம் நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, யாரோ வாயால் தைரியம் சொல்வது இவற்றைவிடப் பலவீனமானது என்றார். அதாவது மேனேஜர் நாள் முழுக்க "கான்ஃபிடன்ஸ் வேணும்" என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை (என் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், தெரியும்). செய்து முடிக்கக்கூடிய சின்ன வேலையாக இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஆர்டர் வருவது உங்கள் கையில் மட்டும் இல்லை. ஆனால் இன்று இத்தனை பேரைக் கூப்பிடுவேன், ஒவ்வொரு டெமோவையும் ஒரு தேதியோடு முடிப்பேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எங்கே ஒழுகுகிறது என்றும் பாருங்கள். எத்தனை அழைப்பில் எத்தனை பேர் பேசினார்கள், அதில் எத்தனை டெமோ, அதில் எத்தனை பேர் அடுத்த பேச்சுக்கு ஒப்புக்கொண்டார்கள், எத்தனை ஆர்டர். இதை வாராவாரம் எழுதுங்கள். டெமோவே கிடைக்கவில்லை என்றால் தொடக்க வரிகளிலோ லிஸ்டிலோ கோளாறு. டெமோ கிடைத்து அதற்கு மேல் நகரவில்லை என்றால் கேள்விகளில் கோளாறு. இது தெரியாதபோதுதான் "நானே சரியில்லை" என்று மனசு ஒட்டுமொத்தமாக முடிவு கட்டுகிறது. பலவீனமான இடம் எது என்று தெரிந்ததும் அந்த இடத்தை மட்டும் ஒரு சக ஊழியரோடு ரோல் ப்ளே செய்யுங்கள். முழு அழைப்பையும் நடித்துப் பார்க்க வேண்டாம், அவர் "விலை அதிகமாக இருக்கே" என்று சொல்ல வேண்டும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்ப.

---

பழையபை:

குழுவண்டி சொன்னதில் எல்லாம் சம்மதம், ஒன்றைத் தவிர. "முடிவெடுப்பது நீங்கள்தானா?" என்று யாரையும் நேராகக் கேட்காதே தம்பி. இல்லை என்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சல், அதனால் பாதிப் பேர் "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிடுவார்கள், கடைசியில் பார்த்தால் பின்னால் ஒரு பங்குதாரரோ ஆடிட்டரோ உட்கார்ந்திருப்பார். "இதற்கு முன் இந்த மாதிரி ஒன்று வாங்கியபோது யார் யாரெல்லாம் பார்த்து முடிவு செய்தீர்கள்?" என்று கேள். அதே விஷயம்தான், யாருக்கும் முகம் சுண்டாது.

டிஸ்கவுண்ட் பற்றி: மேனேஜர் கொடுக்கச் சொன்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், நீ புது ஆள், மல்லுக்கட்டாதே. ஆனால் சும்மா கொடுக்காதே. ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டினால், அல்லது இந்தத் தேதிக்குள் தொடங்கினால் என்று ஏதாவது ஒன்றைப் பதிலுக்குக் கேட்டுவிட்டுக் கொடு. கேட்காமலே விலை இறங்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். அந்த ஆள் முகம் மாறியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

---

குழுவண்டி:

பழையபை சொன்ன அந்தக் கேள்வி நான் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது, என் குழுவுக்கும் சொல்லப்போகிறேன்.

---

புதுக்குரல்:

டெமோ பற்றிச் சொன்னது சுருக்கென்று உறைத்தது, நான் காட்டுகிற வரிசையே மெனுவில் இருக்கிற வரிசைதான். இன்றைக்கே வெட்டி மாற்றுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி, அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன். ஃபாலோ-அப் எத்தனை முறை செய்யலாம்? ரெண்டாவது முறை கூப்பிடும்போதே பிச்சை கேட்பது போல் இருக்கிறது. விட்டுவிட்டால் மேனேஜர் திட்டுகிறார்.

---

மெதுவாப்பேசு:

"யோசித்தீர்களா சார்?" என்று வெறுங்கையோடு கூப்பிட்டால் அப்படித்தான் இருக்கும், ரெண்டாவது முறையென்ன, முதல் முறையே. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அவருக்குப் பயன்படுகிற புது விஷயம் ஒன்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில், அவரைப் போன்ற தொழிலில் இருக்கும் ஒரு கஸ்டமர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்ற விவரம், பழைய கணக்கை மாற்ற எவ்வளவு நாள் ஆகும் என்ற அட்டவணை, இப்படி ஏதாவது ஒன்று. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்குக் கூப்பிட வேண்டாம்.

டெமோ முடியும்போதே "அடுத்த புதன்கிழமை காலையில் கூப்பிடட்டுமா?" என்று கேட்டு வாங்கிவிட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும், அவர் கூப்பிடச் சொன்னதால்தானே கூப்பிடுகிறீர்கள். எதற்குமே பதில் இல்லை என்றால் கடைசியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "இப்போதைக்கு உங்களுக்கு இது தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், இனி அழைத்துத் தொந்தரவு செய்ய மாட்டேன். பிற்பாடு வேண்டியிருந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்." கோபமோ குத்தலோ அதில் இருக்கக் கூடாது. சிலர் அதற்குத்தான் முதல்முறையாகப் பதில் போடுவார்கள். போடாதவர்களை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள், மேனேஜர் கேட்டால் அனுப்பிய செய்தியைக் காட்டலாம்.